விண்ட் பேண்டு நடத்துநர் ஆவது எப்படி: வகுப்பறையிலிருந்து மேடைக்கு

விண்ட் பேண்டு, அதாவது காற்றுக் கருவிகளும் தாளக் கருவிகளும் சேர்ந்த இசைக்குழு, நடத்த வேண்டும் என்ற ஆசையோடு வருபவர்களிடம் நான் முதலில் ஒரு கேள்வியைத்தான் கேட்பேன். இதுவரை ஒருவருடைய கையிலாவது ஒரு காற்றுக் கருவியைக் கொடுத்து, அவருக்கு முதல் ஒலியை எழுப்பக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்களா? பெரும்பாலோர் இல்லை என்கிறார்கள். கோலைப் பிடிப்பதிலும், தாள வடிவங்களைக் காற்றில் வரைவதிலும், எல்லாக் கருவிகளின் பகுதிகளையும் ஒன்றாகக் காட்டும் இசைச்சுவடிகளான பெரிய ஸ்கோர்களைப் புரட்டுவதிலும்தான் இந்தத் தொழில் தொடங்குகிறது என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. அரங்கில் அமர்ந்திருப்பவருக்கு நடத்துநரின் முதுகும் கைகளும் மட்டுமே தெரிகின்றன. அந்தக் கைகள் எந்த வகுப்பறையில் பழகியவை என்பது தெரிவதில்லை.

தொழிலின் அமைப்பை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். முழுநேரச் சம்பளம் தரும் காற்றிசைக் குழுக்கள் உலகில் மிகச் சில. அவற்றிலும் பெரும்பாலானவை படைகளைச் சேர்ந்தவை. 1960இல் தொடங்கப்பட்ட டோக்கியோ கோசெய் விண்ட் ஆர்கெஸ்ட்ரா போன்றவை விதிவிலக்குகள். மற்றபடி விண்ட் பேண்டுகள் வாழ்வது பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும், தன்னார்வலர்கள் மாலையில் கூடி வாசிக்கும் ஊர்க்குழுக்களிலும்தான். ஆகவே இந்தத் துறையில் நடத்துநர் என்று அறியப்படுபவர்களில் மிகப் பலர் சம்பளம் வாங்குவது ஆசிரியர் என்ற பெயரில். நடத்துவதும் கற்பிப்பதும் இரண்டு தொழில்கள் என்று எண்ணி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கப் பார்ப்பவர் இரண்டிலும் பின்தங்குகிறார். இவ்விரண்டையும் ஒரே கைத்தொழிலாக ஏற்றுக்கொண்டவருக்காக எழுதப்பட்டது இந்தக் கட்டுரை.

காதைத் தயார் செய்தல்

நடத்துநருக்கு வேண்டிய முதல் திறமை கேட்டல். பியானோவிலோ, சுருதியை அளந்து காட்டும் மின்னணு டியூனரிலோ பழகிய காது, காற்றுக் கருவிகளின் நடுவே நிற்கும்போது ஏமாந்துபோகும். ஒவ்வொருவரும் தம் முன்னே உள்ள டியூனரில் முள்ளை நடுவில் நிறுத்திவிட்டாலும் அவர்கள் சேர்ந்து வாசிக்கும் கார்டு, அதாவது பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு, இனிமையாக அமைவதில்லை. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. அரைச்சுரத்தை நூறு பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். மேஜர் என்னும் வகைக் கார்டில், ஆதார சுரத்திலிருந்து எண்ணும் மூன்றாம் சுரம் டியூனர் காட்டும் இடத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் கீழே இருந்தால்தான் துடிப்பின்றி மற்றவற்றோடு ஒன்றிப்போகும். ஐந்தாம் சுரம் 2 சென்ட் மேலே இருக்க வேண்டும். மைனர் என்னும் மற்றொரு வகைக் கார்டின் மூன்றாம் சுரமோ ஏறத்தாழ 16 சென்ட் மேலே போக வேண்டும். இந்த எண்களை மனப்பாடம் செய்வதால் பயன் குறைவு. ஒரு ஆதார ஒலியைத் தொடர்ந்து ஒலிக்கவிட்டு, அதன் மேல் மூன்றாம் சுரத்தைப் பாடி, இரண்டு ஒலிகளுக்கும் இடையே கேட்கும் துடிப்பு மெல்ல மெல்ல நின்றுபோகும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். நாள்தோறும் பத்து நிமிடம் இதைச் செய்தால், சில மாதங்களில் அந்த இடம் தொண்டைக்குப் பழகிவிடும்.

ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி இயல்பு உண்டு என்பதையும் காது அறிந்திருக்க வேண்டும். சத்தத்தைக் குறைக்கும்போது ஃப்ளூட்டின் சுருதி இறங்கப் பார்க்கும். கிளாரினெட்டின் சுருதியோ ஏறப் பார்க்கும். இரண்டும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல அடங்கும் ஓர் இடம் ஸ்கோரில் வந்தால், அவை எதிரெதிர்த் திசையில் விலகப் போகின்றன என்பதை ஒத்திகைக்கு முன்பே நீங்கள் அறிந்திருக்கலாம். ட்ரம்பெட்டில் முதல் வால்வையும் மூன்றாம் வால்வையும் சேர்த்து அழுத்தும் சுரங்கள் மேலே நிற்கும். மூன்றாம் வால்வின் ஸ்லைடை நீட்டித்தான் அவற்றைச் சரிசெய்ய வேண்டும். குளிர்ந்த அறையில் குழு முழுவதும் சுருதி தாழ்ந்து தொடங்கி, குழாய்களுக்குள் மூச்சுச் சூடு ஏறிய பிறகு மேலே வரும். அதனால் கருவியைக் கையில் எடுத்தவுடனே சுருதி சேர்ப்பதில் பயனில்லை.

எல்லாக் கருவிகளையும் தொட்டுப் பார்த்தல்

ஒரு கருவியில் நன்றாகத் தேர்ந்திருப்பது அவசியம். ஆனால் அது போதாது. ஃப்ளூட், கிளாரினெட், சாக்ஸபோன், ட்ரம்பெட், ஹார்ன், ட்ரோம்போன், டியூபா, தாளக் கருவிகள் ஒவ்வொன்றிலும் ஒரு தொடக்க மாணவர் முதல் ஆண்டில் வாசிக்கும் அளவுக்காவது உங்களால் வாசிக்க முடிய வேண்டும். ஓபோவும் பஸூனும் கடினம்; அவற்றையும் சில வாரங்களாவது இரவல் வாங்கி ஊதிப் பாருங்கள். ரீடு, அதாவது சீவாளி, ஈரம் காய்ந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் உதடு ஒருமுறை உணர்ந்துவிட்டால், ஓபோ வாசிப்பவரை இருபது நிமிடம் சும்மா உட்கார வைத்துவிட்டுத் திடீரென்று ஒரு தனிப்பகுதியை வாசிக்கச் சொல்ல மாட்டீர்கள்.

இங்கே சிறு நுணுக்கங்களுக்குப் பெரிய விலை உண்டு. ஒரு சிறுவன் முதன்முறையாகக் கிளாரினெட்டைப் பூட்டுவதைப் பாருங்கள். மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் இணைக்கும் இடத்தில் ஒரு சின்னப் பாலச் சாவி இருக்கிறது. மேல் துண்டின் வளையங்களை விரலால் அழுத்திப் பிடித்தால் அந்தச் சாவி மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது இரண்டு துண்டுகளையும் இலேசாக முன்னும் பின்னும் திருகிச் சேர்க்கலாம். வளையங்களை அழுத்தாமல் வலிந்து திருகினால் சாவி வளைந்துவிடும்; பிறகு ஒரு மாதம் அந்தச் சிறுவன் எவ்வளவு முயன்றாலும் சில சுரங்கள் வராது, தனக்குத் திறமையில்லை என்றே அவன் நினைத்துக்கொள்வான். அவனைக் காப்பாற்றுவது அவன் விரல்மேல் உங்கள் விரலை வைத்து அந்த அழுத்தத்தைக் காட்டும் பத்து விநாடி. அதன் பிறகு வாயில் வைக்கும் மவுத்பீஸையும் அதை அடுத்த சிறு குழலான பேரலையும் மட்டும் சேர்த்து ஊதச் சொல்லுங்கள். கான்சர்ட் எஃப் ஷார்ப், அதாவது பியானோவின் எஃப் ஷார்ப்போடு ஒத்து ஒலிக்கும் சுரம், உறுதியாக நின்றால் அவனுடைய உதட்டமைப்பு சரியான இடத்தில் இருக்கிறது. ஆல்ட்டோ சாக்ஸபோனில் மவுத்பீஸை மட்டும் ஊதினால் கான்சர்ட் ஏ வர வேண்டும்.

டிரான்ஸ்போசிஷன் என்னும் சுர மாற்றத்தைத் தயக்கமின்றிச் சொல்லத் தெரிய வேண்டும். பி ஃபிளாட் கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் எழுதியதைவிட ஒரு முழுச்சுரம் கீழே ஒலிக்கும்; எஃப் ஹார்ன் ஐந்தாம் இடைவெளி கீழே; ஆல்ட்டோ சாக்ஸபோன் மேஜர் ஆறாம் இடைவெளி கீழே. கான்சர்ட் பி ஃபிளாட் வாசியுங்கள் என்று நீங்கள் சொன்னால் கிளாரினெட்டுக்கு அது சி, ஆல்ட்டோவுக்கு ஜி, ஹார்னுக்கு எஃப். ஒரு மாணவர் எழுந்து தம் பகுதியில் அச்சுப்பிழை இருக்கிறதா என்று கேட்கும்போது நீங்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தால், அவர் அடுத்த முறை கேட்க மாட்டார்.

ஸ்கோரைப் படித்தல்

ஸ்கோரைப் படிப்பது என்றால் ஒலிப்பதிவைப் போட்டுக்கொண்டு கண்ணால் பின்தொடர்வது என்று பலர் நினைக்கிறார்கள். அதை நான் கடைசிக்கு ஒத்திவைக்கச் சொல்வேன். முதலில் ஸ்கோரை அமைதியாகப் படித்து, உங்களுக்குள்ளேயே ஒலிக்கச் செய்யுங்கள். எங்கே ஒலிக்கவில்லையோ அங்கே பியானோவில் வாசித்துப் பாருங்கள்.

ஆங்கில இசையமைப்பாளர் குஸ்டாவ் ஹோல்ஸ்ட் 1909இல் இராணுவ பேண்டுக்காக எழுதிய முதல் சூட், அதாவது இயக்கங்கள் எனப்படும் தனித்தனிப் பகுதிகள் கொண்ட தொகுப்பு, எழுதக் கற்பவருக்கு எழுத்துப் பலகை போல, ஸ்கோர் படிக்கக் கற்பவருக்குப் பயன்படும். முதல் இயக்கத்தின் கருப்பொருளான மெட்டு எட்டு பார், அதாவது எட்டுத் தாளச் சுற்று, நீளம். டியூபாவும் யூஃபோனியமும் அதைத் தொடங்கிவைக்கின்றன. அந்த எட்டு பார் திரும்பத் திரும்ப வருகிறது. குரல் மாறுகிறது, நடுவில் தலைகீழாகவும் வருகிறது. ஒவ்வொரு வருகையும் எங்கே தொடங்குகிறது, யார் ஏந்துகிறார்கள், மற்றவர்கள் அதற்கு என்ன செய்கிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனால், ஒரு பெரிய கட்டடத்தின் வரைபடம் உங்கள் கைக்கு வந்துவிடும். அடுத்த இரண்டு இயக்கங்களும் அந்தக் கருப்பொருளிலிருந்தே முளைத்தவை என்பதைக் கண்டுபிடிக்கும்போது, எந்த மெட்டை எவ்வளவு முன்னே கொண்டுவர வேண்டும் என்ற முடிவு தானாகவே அமைகிறது. நான் ஸ்கோரில் வண்ணங்களை அதிகம் தீட்டுவதில்லை; குறிகள் மிகுந்தால் கண் காகிதத்திலேயே தங்கிவிடுகிறது. சொற்றொடர்கள் முடியும் இடம், முக்கியமான நுழைவுகள், மூச்சுவிடும் இடம் ஆகிய மூன்றும் போதும்.

எந்த வகைக் குழுவுக்காகப் படிக்கிறீர்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள். 1952இல் நடத்துநர் ஃப்ரெடெரிக் ஃபெனெல், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் ஈஸ்ட்மன் விண்ட் என்செம்பிளை நிறுவினார்; ஒரு பகுதிக்கு ஒரு வாசிப்பாளர் என்பது அதன் அடிப்படை எண்ணம். பள்ளி பேண்டில் மூன்றாம் கிளாரினெட் பகுதியை ஆறு பேர் வாசிக்கலாம். விண்ட் என்செம்பிளில் ஒரே ஒருவர்தான். முன்னதில் நீங்கள் ஒலியைச் சேர்த்துக் கட்டுகிறீர்கள். பின்னதில் தனிக் கலைஞர்களுக்கு இடம் விடுகிறீர்கள்.

கை

கையைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு. காற்றுக் கருவிக் குழுவின் முன் நிற்பவர் தாமும் மூச்சு விட வேண்டும். தொடக்கத்துக்கு முந்தைய ஆயத்த அசைவு, வேகத்தையும் சத்தத்தையும் ஒலியின் குணத்தையும் ஒரு மூச்சுக்குள் சொல்லிவிட வேண்டும். நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கையை இறக்கினால் எதிரே இருப்பவர்களும் அடைபட்ட மூச்சோடுதான் வாசிப்பார்கள். இடக்கை வலக்கையின் நிழலாக ஆடுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். சில வாரங்கள் இடக்கையைப் பையில் வைத்துக்கொண்டு பயிலுங்கள். உங்கள் ஒத்திகையைக் காணொளியாக எடுத்து, ஒலியை முழுவதும் அணைத்துவிட்டுப் பாருங்கள். அந்தப் படத்தை மட்டும் பார்த்து, இசை எங்கே அடங்குகிறது, எங்கே கூர்மையாகிறது என்று ஒரு அந்நியரால் சொல்ல முடிகிறதா என்பதுதான் சோதனை.

ஒத்திகை

ஒரு நடத்துநரின் வாழ்க்கை கச்சேரியில் நடப்பதைவிட ஒத்திகையில் நடப்பதுதான் அதிகம். அங்கேதான் ஆசிரியரும் நடத்துநரும் ஒருவராகிறார்கள்.

நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஒரு பள்ளி பேண்டின் ஒத்திகையில் ஒரு படைப்பின் இறுதிக் கார்டு கசந்தது. சுருதி சரியில்லை, கவனமாகக் கேளுங்கள் என்றேன். மறுபடி வாசித்தார்கள், மாறவில்லை. இன்னும் கவனமாக என்றேன், மேலும் மோசமாயிற்று. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மூத்த சக ஆசிரியர் ஒருவர் எழுந்து வந்து, அனுமதி கேட்டுக்கொண்டு, டியூபாவையும் பேரிட்டோன் சாக்ஸபோனையும் மட்டும் வாசிக்கச் சொன்னார். அது நிலைத்ததும் ஐந்தாம் சுரம் உள்ளவர்களைச் சேர்த்தார். பிறகு, இந்தக் கார்டின் மூன்றாம் சுரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. என்னுடைய ஸ்கோரைப் பார்த்து அவரே பெயர் சொல்லி நால்வரைக் கை தூக்கச் சொன்னார்: இரண்டாம் கிளாரினெட்டில் இருவர், ஓர் ஆல்ட்டோ சாக்ஸபோன், ஒரு இரண்டாம் ட்ரம்பெட். நீங்கள் நால்வரும் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, சுரத்தை இம்மியளவு தாழ்த்தி உள்ளே வையுங்கள் என்றார். கார்டு படிந்தது, அறையின் ஒலியே மாறிவிட்டது. இரண்டாம் கிளாரினெட் வாசித்த ஒரு சிறுமி, தான் வாசிப்பது இவ்வளவு முக்கியமா என்பது போலக் கண்ணை உயர்த்தி எங்களைப் பார்த்தாள். கவனமாகக் கேளுங்கள் என்பது அறிவுரை. எதைக் கேட்க வேண்டும், யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதே கற்பித்தல் என்பதை அந்த ஒத்திகையில்தான் புரிந்துகொண்டேன்.

ஆகவே ஒத்திகையில் வாயைத் திறந்தால் மூன்று செய்திகள் இருக்கட்டும்: யார், எந்த இடம், என்ன மாற்றம். இரண்டாம் கிளாரினெட், 41ஆம் பார், மூன்றாவது பீட்டில் நாக்கை இலேசாக வையுங்கள் என்று சொல்லிவிட்டு உடனே கையைத் தூக்குங்கள். பிறகு மாற்றம் நடந்ததா என்று கேளுங்கள்; நடந்திருந்தால் அதைச் சொல்லுங்கள், நடக்கவில்லையென்றால் வேறு சொற்களில் சொல்லுங்கள். மாற்றம் நடக்காமலேயே நன்று என்று சொல்லி நகர்ந்துவிடுவது மாணவர்களின் காதைக் கெடுக்கும் செயல். உங்கள் ஒத்திகை ஒன்றின் ஒலிப்பதிவை எடுத்து, எத்தனை நிமிடம் இசை ஒலித்தது, எத்தனை நிமிடம் நீங்கள் பேசினீர்கள் என்று கடிகாரம் வைத்துக் கணக்கிடுங்கள். முதன்முறை வரும் விடை வலிக்கும். இரண்டாவது மாதத்தில் அது மாறியிருக்கும். தாளக் கருவிக்காரர்களையும் மறந்துவிடாதீர்கள்: கிளாரினெட்டோடு நீங்கள் கால்மணி நேரம் செலவிடும்போது, பின்னால் நிற்கும் ஐந்து பேருக்குச் செய்ய ஒன்றுமில்லை என்றால் அந்த ஒத்திகைத் திட்டத்தில்தான் குறை இருக்கிறது.

மேடை நேரமும் படிப்பும்

வயலின் பயில்பவருக்கு வயலின் வீட்டிலேயே இருக்கிறது. நடத்துநரின் கருவியோ நாற்பது ஐம்பது மனிதர்கள். அவர்கள் முன்னே நிற்கும் ஒவ்வொரு நிமிடத்தையும் தேடித்தான் பெற வேண்டும். பகுதி ஒத்திகைகளை ஏற்று நடத்துங்கள். ஊர்க்குழுவில் வாசிப்பாளராகச் சேர்ந்து, நடத்துநர் வர முடியாத நாளில் நம்பிக்கைக்குரியவராக இருங்கள். எதுவும் அமையாவிட்டால் நண்பர்களைத் திரட்டுங்கள். ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பஸூன் இரண்டிரண்டாகச் சேர்ந்த எட்டுபேர் குழுவுக்கு மோட்ஸார்ட்டின் செரனேடுகள் உள்ளன. பன்னிரண்டு காற்றுக் கருவிகளும் ஒரு டபுள் பேஸும் கொண்ட அவருடைய கிரான் பார்ட்டிட்டா இருக்கிறது. எட்டுப் பேரை நன்றாக நடத்தத் தெரிந்தவரை ஐம்பது பேர் நம்புவார்கள்.

முறையான படிப்பு நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் வழக்கமான பாதை, இசைக் கல்வியில் நான்காண்டு இளங்கலை, அதன் இறுதியில் பள்ளியில் பயிற்சி ஆசிரியப் பணி, பின்பு மாநில ஆசிரியர் உரிமம் என்று போகிறது. நடத்துதலில் முதுகலைக்கு விண்ணப்பிப்பவர் சில ஆண்டுகள் பள்ளியில் கற்பித்திருப்பதைப் பல பல்கலைக்கழகங்கள் விரும்புகின்றன. அந்த ஆண்டுகளை இழப்பாக எண்ண வேண்டாம், உங்கள் விண்ணப்பத்தின் முதுகெலும்பே அதுதான். பல்கலைக்கழகப் பேண்டுகளின் தலைமைப் பதவிக்குப் பெரும்பாலும் முனைவர் பட்டமும் கேட்கப்படும். நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளின் இசைக் கல்லூரிகளில் காற்றிசைக் குழுவை நடத்துவதற்கென்றே தனிப் பாடத்திட்டங்கள் உண்டு. படைப்பிரிவுகளின் வழி இன்னொன்று: அமெரிக்க மரைன் பேண்டு 1798இல் அமைந்தது, பிரிட்டிஷ் படைகளின் பேண்ட் மாஸ்டர்களைப் பயிற்றுவிக்க 1857இல் லண்டன் அருகே நெல்லர் ஹாலில் பள்ளி நிறுவப்பட்டது. பெரும்பாலான படை பேண்டுகளில் சேர்பவர், தாம் முதலில் படைவீரர், பிறகுதான் இசைக்கலைஞர் என்பதை மனமார ஏற்றுக்கொண்டு போக வேண்டும்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் காணொளியில் கச்சேரியைவிட ஒத்திகைக்கு அதிக இடம் கொடுங்கள். கேமரா உங்கள் முகத்தை நோக்கி, வாசிப்பாளர்களின் பக்கத்திலிருந்து இருக்கட்டும். ஏதோ ஒரு தவறு நடந்து, நீங்கள் அதைக் கண்டுபிடித்து, சொல்லி, அது சரியாகும் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். தேர்வுக்குழு தேடுவது அந்த மூன்று நிமிடத்தைத்தான். நேர்முகத்துக்கு அழைத்தால் அறிமுகமில்லாத குழுவோடு இருபது நிமிடம் கொடுப்பார்கள். அதில் எல்லாவற்றையும் சரிசெய்ய முயலாமல் இரண்டே இரண்டு விஷயங்களை உண்மையாக மாற்றிக் காட்டுங்கள். 1946இல் தொடங்கிய மிட்வெஸ்ட் கிளினிக் என்னும் இசை ஆசிரியர் மாநாடு டிசம்பர் மாதத்தில் சிகாகோவில் நடக்கிறது. பல நாடுகளின் பேண்டு ஆசிரியர்களை ஒரே கட்டடத்தில் சந்திக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

வேலை கிடைத்த பிறகு

பாடல் தேர்வில் அவசரப்படாதீர்கள். பேண்டு இசை பெரும்பாலும் முதல் நிலையிலிருந்து ஆறாம் நிலை வரை கடினத்தின்படி பிரித்து வெளியிடப்படுகிறது. குழுவின் உண்மையான திறனைவிட ஒரு நிலை மேலே உள்ளதைத் தேர்ந்து, பருவம் முழுவதும் சுரங்களைத் தேடுவதிலேயே கழிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மாணவர்கள் இசையைத் தொடுவதே இல்லை. இது என் உறுதியான கருத்து. இரண்டு வாரத்தில் சுரங்கள் கைக்கு வந்துவிடும் படைப்புகளைத் தேர்ந்தெடுத்தால், மீதி வாரங்கள் இசைக்கு.

உங்கள் காதையும் காத்துக்கொள்ளுங்கள். பணியிடப் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் அமெரிக்க அரசின் நயோஷ் நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபெல் சத்தத்தில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம்தான் இருக்கலாம். மூன்று டெசிபெல் கூடுந்தோறும் நேரம் பாதியாகும். 94 டெசிபெலில் ஒரு மணி நேரம்தான். சிறிய அறையில் முழு பேண்டு வாசிக்கும்போது இந்த எல்லை எளிதில் தாண்டப்படுகிறது. இசைக்கலைஞர்களுக்கென்று செய்யப்படும் காதடைப்பான்கள் சத்தத்தை எல்லா அலைவரிசையிலும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைப்பதால், அணிந்துகொண்டே சுருதியைக் கேட்க முடியும். முதல் சம்பளத்தில் அவற்றை வாங்குங்கள்.

புதிய பணியிடத்தின் முதல் வாரத்தில் ஸ்கோர் அலமாரிக்கு முன் கருவி அறையைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பெட்டியையும் எடுத்து, வால்வுகள் அசைகின்றனவா, கிளாரினெட்டின் பேடுகள் மூடுகின்றனவா, டியூபாவின் ஸ்லைடுகள் சிக்கியிருக்கின்றனவா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வரிசை எண், நிலை, பழுது, யாரிடம் இருக்கிறது என்று நான்கு பத்திகள் போதும். அந்த வாரமே பழுதுபார்ப்பவரிடம் அனுப்ப வேண்டியவற்றை அனுப்பிவிட்டால், முதல் ஒத்திகையன்று ஒலி வராத குழந்தையிடம் தவறு உன்னுடையது அல்ல, இதோ வேறு கருவி என்று சொல்ல முடியும்.